மார்லிங்கிலிருந்து வந்தவர்கள்

லிட்டில் ஹெம்ஸ்டன்
23 ஆகஸ்ட் 1987

அன்பு மகன் டெரிக்குக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் கர்த்தர் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நியூசிலாந்தில் இப்போது குளிர்காலமாம், நீயும் மாரீனும் பேத்தி ரூத்தும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் கவலை. எப்போதும் கடிதம் எழுதுகிறவள் உன் அம்மா, அடியில் அப்பா அன்பைச் சொன்னார் என்று சேர்ப்பதும் அவளேதான், நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஏழு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. பிளம் மரம் கிளை முறிகிற அளவு காய்த்திருக்கிறது, தின்னத்தான் வீட்டில் ஆள் இல்லை, உன் அம்மா ஜாம் காய்ச்சி அலமாரி நிறைய அடுக்கிவிட்டுத் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கொடுக்கிறாள். உன் அறையை இன்னும் எதற்கும் எடுக்கவில்லை, ஜன்னலை மட்டும் தினமும் திறந்து மூடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கோயிலுக்கு அடுத்த வருஷம் எழுநூறு வயது நிறைகிறது, பாதிரியார் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார், பழைய குடும்பங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் தங்கள் வரலாற்றை எழுதித் தர வேண்டுமாம். எனக்குக் கேட்கவா வேண்டும். கெரிட்ஜ் குடும்பம் முந்நூறு வருஷமாக இதே மண் என்று நான் பீற்றிக்கொள்ளாத ஆள் இந்த ஊரில் கிடையாது. தெற்கு வாசலோரம் இருக்கிற ராபர்ட் கெரிட்ஜின் கல்லறைக் கல்லை முப்பது வருஷமாக ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முன்னால் பாசி போகத் தேய்ப்பவனும் நான்தான். நம் வழியில் எனக்குத் தெரிந்த மிகப் பழைய ஆள் வில்லியம் என்று ஒருவர், அவரை ராபர்ட்டோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. பழைய பதிவேடுகள் எல்லாம் இப்போது டவுனில் ஆவணக் காப்பகத்தில் இருப்பதால் வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போனேன். அங்கே மிஸ் பெக் என்று ஒரு அம்மாள், பேனாவைப் பார்த்தாலே பிடுங்கி வைத்துவிட்டுப் பென்சிலைக் கையில் கொடுக்கிறவள். மூன்றாவது வியாழன் கிடைத்துவிட்டது: 1731, ராபர்ட்டின் மகன் வில்லியமுக்கு ஞானஸ்நானம். வம்சாவளித் தாளில் கோடு போட்டு இருவரையும் இணைத்துவிட்டு, தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மிஸ் பெக் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, ஞானஸ்நானம் பாத்தீங்க சரி, அடக்கப் பதிவேட்டைப் பாத்தீங்களா, பிள்ளை பிழைச்சுதான்னு தெரியாமலே அதுக்குக் கல்யாணம் பண்ணி வச்சிட்டீங்களே என்றாள். பார்த்தேன். ஒன்பதாம் நாளே அந்தக் குழந்தையை அடக்கம் செய்திருக்கிறார்கள், ராபர்ட்டுக்கு வேறு பிள்ளையும் கிடையாது. எனக்கு வந்த கோபத்தில், அப்ப நாங்கல்லாம் வானத்திலேர்ந்தா குதிச்சோம் என்று கேட்டேன். அதைத்தானே தேடணும், அடுத்த வாரம் வாங்க என்றாள்.

அடுத்த வாரம் நம் கோயில் பெட்டியிலிருந்து போன பழைய காகிதக் கட்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். அதில் இரண்டு காகிதம் நமக்கு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஊரும் தன் ஏழைகளைத் தானே பார்க்க வேண்டும், அதனால் வெளியூர்க்காரன் நொடித்துப் போவான் என்று பட்டால் வண்டியில் ஏற்றி அவன் ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். முதல் காகிதம் 1754இல் நீதிபதிகளுக்குக் கொடுத்த புகார். வில்லியம் கெரிட்ஜ் என்ற கூலியாளும் அவன் மனைவி சூசனும் நம் ஊரார் அல்லர், அவளுக்கு இது பேறுகாலம், பிரசவம் இந்த ஊர் தலையில் விழுமுன் இருவரையும் மார்லிங்குக்கே அனுப்ப வேண்டும் என்று இருந்தது. மார்லிங், டெரிக், நான் பன்றிக்குட்டி வாங்கப் போவேனே அந்த மார்லிங், ஒன்பது மைல். கீழே கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறாய், ராபர்ட் கெரிட்ஜ். பெயர் ஒன்று, மற்றபடி ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நம்மைத் துரத்தப் பார்த்தவன் கல்லைத்தான் முப்பது வருஷமாகத் தேய்த்திருக்கிறேன்.

அதைக்கூடச் சிரித்துத் தள்ளியிருப்பேன். பேறுகாலம் என்ற சொல்லைத்தான் தாண்ட முடியவில்லை. நீங்கள் கிளம்பிய வருஷம் கோயிலில் நடந்த அறுப்பின் பண்டிகையை நீ மறந்திருக்க மாட்டாய். குடும்பத்துக்கு ஒரு ஜன்னல் என்று அலங்காரம் செய்கிற வழக்கத்தில் நம் ஜன்னலில் மாரீன் தன் டாலியாப் பூக்களை வைத்தாள், நான் ஊர் பார்க்க அதை எடுத்துக் கீழே வைத்தேன். லீட்ஸ்காரிக்கு இந்த ஜன்னல்ல என்ன வேலை, உங்க ஆளுங்க ஒருத்தர் எலும்பாவது இந்த மண்ணுல கிடக்கா என்று கேட்டேன். அவள் பூவை வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்குள் நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். பண்டிகையன்று அவளுக்கு மூன்று மாதம் என்பதை நீங்கள் போன பிறகுதான் உன் அம்மா என்னிடம் சொன்னாள். சொன்னபோதும் நான் பேப்பர்தான் படித்துக்கொண்டிருந்தேன். காப்பகத்தில் நான் அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்து, மிஸ் பெக் எனக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து தேநீர் கொண்டு வந்து வைத்தாள், அந்த அறைக்குள் தண்ணீர்கூடக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

இரண்டாவது காகிதம் அந்தப் புகாருக்கு ஒரு வாரம் கழித்து மார்லிங்கிலிருந்து வந்தது. வில்லியமும் அவன் மனைவியும் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் எங்களவர்கள், எப்போது திரும்பி வந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று ஊர்ப் பெரியவர்கள் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சீட்டு வந்ததும் அவர்கள் நொடித்தாலும் செலவு மார்லிங்குடையது என்றாகிவிட்டது, அதற்குப் பிறகு ராபர்ட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை, பிள்ளை இங்கேயே பிறந்தது, அந்தப் பிள்ளை வழிதான் நாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். முந்நூறு வருஷம் முந்நூறு வருஷம்னு என் காதைத் தின்னீங்களே, கடைசியில பன்னி வாங்கற ஊர்தானா என்று உன் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. கோயில் நிர்வாகி பெர்சி கூச், வாய்யா வந்தேறி, எங்க ஊர் புடிச்சிருக்கா என்று எல்லார் முன்னாலும் கேட்கிறான். கேட்கட்டும். புத்தகத்துக்கு என் பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன், முதல் வரியே நாங்கள் மார்லிங்கிலிருந்து வந்தவர்கள் என்பதுதான்.

இதை மாரீனுக்கு நீ வாசித்துக் காட்டு. அம்மா மாரீன், நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு. எனக்கு எழுபத்தொரு வயது, பேத்தியைப் படத்தில்தான் தெரியும். உங்களையெல்லாம் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

இதோடு நான் எழுதிய சீட்டு ஒன்றையும் வைத்திருக்கிறேன், மார்லிங் ஊர்க்காரர்கள் எழுதிய அதே வாசகம், பத்திரமாக வை. பெர்சி உடனே சாட்சிக் கையெழுத்துப் போட்டான். உன் அம்மா படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள். டெரிக்கும் அவன் மனைவியும் பிள்ளையும் என்று பழைய காகிதத்தில் இருந்த மாதிரியே எழுதிவிட்டேன். அவளுக்குப் பேர் கிடையாதா, அவ பேர் முதல்ல வராத காகிதத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேறு தாள் எடுத்துத் திரும்ப எழுதினேன், போட்டாள்.

கூரைத் தண்ணீர்க் குழாயில் சருகு அடைக்காமல் பார்த்துக்கொள், ரூத்துக்குக் காலில் கம்பளிக் காலுறை இருக்கட்டும். மாரீனையும் உன்னையும் ரூத்தையும் கர்த்தர் கண்ணின் மணியாகக் காப்பாராக. ஒன்று மறக்காதே, இதற்குப் பதில் நீ எழுத வேண்டாம், மாரீன் எழுதட்டும். திட்டி எழுதினாலும் சரி, அவள் கையால் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிரில் கெரிட்ஜ்