ஆறாம் எண் ஏப்ரன்

ஜூலை 14, செவ்வாய்

இன்று நாற்பத்திரண்டு விரிப்புகள். காயப்போட்டுவிட்டு அவற்றுக்கு நடுவே நின்றேன். நான்கு பக்கமும் வெள்ளை. காற்று வந்தால் விலகுகிறது, பிறகு மூடிக்கொள்கிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ. நோயாளிகள் அறையில் யாரோ இருமியபோதுதான் கை ஈரமாக இருப்பதே உறைத்தது.

புனித மார்த்தா திருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள். எங்கள் கன்னியர் சபையில் துறவற வாக்குறுதி ஒரு வருடத்துக்குத்தான். அன்று புதுப்பித்தால் இருக்கலாம், இல்லையென்றால் போகலாம். ஒன்பது முறை புதுப்பித்தாயிற்று. பத்தாவது முறை வேண்டாம் என்றிருக்கிறது. தங்கை தன் வீட்டு மாடி அறையை எனக்காக ஒழித்துவைத்திருக்கிறாள். நான் போனால் இங்கே யாருக்குத் தெரியும்? துவைத்த துணி வராத அன்றுதான் தேடுவார்கள்.

ஜூலை 18, சனி

கனவில் நீந்திக்கொண்டிருந்தேன். நுரையே இல்லாத தண்ணீர்.

ஜூலை 22, புதன்

மடத்துத் தலைவி மதர் ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். வாக்குறுதியை அவரவர் கையால் எழுதி, வேலையின்போது முன்னால் கட்டும் ஏப்ரனின் பையில் வைக்க வேண்டும். திருநாளன்று அதைக் கட்டிக்கொண்டு போய்ப் பீடத்தின் முன் எடுத்து வாசிக்க வேண்டும். கீழே ஒரு வேண்டுதல் எழுதலாம். அதை வாசிப்பதில்லை, அது கடவுளுக்கு மட்டும். எழுதாதவர் தலைவணங்கிவிட்டுத் திரும்பிவிடலாம். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

நல்ல ஏற்பாடுதான். கேட்டால் என்ன சொல்வேன்? கோபமா? கோபம்கூட இல்லை — களைப்பு. ஒருத்தி வந்து ‘என்னம்மா ஒரு மாதிரி இருக்கே’ன்னு கேட்டு எத்தனை நாளாச்சு? போதும். காகிதத்தை அப்படியே பைபிளுக்குள் செருகிவிட்டேன்.

ஜூலை 28, செவ்வாய்

பதினோரு ஏப்ரன்களுக்கும் இஸ்திரி. ஓரத்தில் எண் தைத்திருக்கும். எனக்கு 6, அடுப்பங்கரை அக்காவுக்கு 9. மடித்து மேஜையில் பரப்பினேன். மாலையில் ஒவ்வொருவராக வந்து தங்கள் காகிதத்தைப் பையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் இஸ்திரி ஆவிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகங்கள் வந்து வந்து கரைந்தன. அடுப்பங்கரை அக்கா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேஜையை இரண்டு முறை தடவினார். உதவிக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

ஜூலை 29, புதன்

எண் வரிசையில் பீடத்துக்குப் போனோம். நான் தலைவணங்கத்தான் போனேன். பழக்கதோஷம், கை பைக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு காகிதம். நான் வைக்கவே இல்லையே. பிரித்தேன். மேலும் கீழுமாக ஓடுகிற பெரிய எழுத்து, அடுப்பங்கரை அக்காவுடையது. மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் 6 தானே 9. அவர் மேல் தப்பில்லை.

கடைசி வரி: ‘துணி துவைக்கிற பொண்ணு வாடிப்போயிருக்கா. போகணும்னா நிம்மதியா போகட்டும். இருந்தா அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு ஆண்டவரே.’

படித்த பிறகுதான் அது கடவுளுக்கு மட்டும் என்பது நினைவு வந்தது. அவருக்கு வந்த தபாலை நான் பிரித்துவிட்டேன். சிற்றாலயம் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. பாட்டு எங்கோ மேலே கேட்டது. நேராக அக்காவிடம் போய்க் காகிதத்தைக் கொடுத்துவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். தலைவணங்க மறந்துவிட்டேன்.

மதியம், எழுந்து நடக்க முடிந்த நோயாளிகள் எங்களுக்குப் பரிமாறினார்கள். இந்த ஒரு நாள் நாங்கள் எழுந்திருக்கக் கூடாது. இயேசு வீட்டுக்கு வந்தபோதும் உட்காராமல் வேலை பார்த்த மார்த்தா இன்றைக்காவது உட்காரட்டும் என்பது மதரின் கட்சி. முன்னாள் பஸ் கண்டக்டர் ரொட்டிக் கூடையோடு “டிக்கெட், டிக்கெட்” என்று வந்தார். நான் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“படிச்சிட்டியா?”

“படிச்சிட்டேன். நான் வாடிப்போயிருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஒரு மாசமா உன் தட்டுல பாதிச் சாப்பாடு மிச்சம் வருது. கழுவறது நான்தானே.”

“என்கிட்டயே கேட்டிருக்கலாமேக்கா.”

“கேக்கக் கூடாதுன்னு சட்டமாச்சே. அதான் அவர்கிட்ட சொன்னேன்.”

அழுதேன். எல்லார் முன்னாலும், வாயில் ரொட்டியோடு. இத்தனை வருடம் பக்கத்து அறையில் வெந்துகொண்டிருந்தவரை நான் ஒரு நாளாவது பார்த்தேனா? என்னை யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு மட்டும் எவ்வளவு பெரிய வருத்தம்.

மாலையில் என் காகிதத்தை எழுதி மதரிடம் கொண்டுபோனேன். நேரம் தவறிவிட்டது என்றேன். “திருநாள் இன்னும் முடியலையே,” என்று வாங்கிக்கொண்டார். பத்து நாள் விடுப்பும் கேட்டேன். பத்து வருடத்தில் முதல் தடவை. உடனே தலையாட்டிவிட்டார்.

ஜூலை 30, வியாழன்

நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

தங்கை வீட்டு மாடி அறை. எட்டு நாளாக ஒன்பது மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மேகம் போவதை வேடிக்கை பார்ப்பது இப்போது என் முழுநேர வேலை. விரல் நுனியில் இருந்த சுருக்கம்கூடப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ரயில் என்றதும் தங்கைக்கு முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு பாடுபட்டு ஒழித்தேனே, இனி இந்த ரூமை என்ன செய்வது என்றாள்.

“அப்படியே வச்சிரு. அடுத்த மாசம் அடுப்பங்கரை அக்கா வராங்க. இருபத்தாறு வருஷமா லீவே எடுத்ததில்ல. நேத்து மதர்கிட்ட போன்ல கேட்டுட்டேன்.”