உப்புப் பார்க்க இறங்கி வந்தவருக்கு

அக்கா,

மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது உங்களுக்கு ஒரு வரிகூட எழுதாதவள், நீங்கள் போய் ஐந்து மாதம் ஆன பிறகு தாளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போது எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. பலேர்மோவில், ஒரேத்தோ வீதியில் ஒரே கட்டடத்தில் உங்களுக்கு நாலாம் மாடியில் வேலை, எனக்கு இரண்டாம் மாடியில். குசினிக் கதவைத் திறந்தால் பின்படி. ஆனாலும் நேரில் கேட்க வெட்கப்பட்டதை ஒரு துண்டில் எழுதியாவது தந்திருக்கலாம். பயத்தில் விட்டுவிட்டேன். இன்று எழுதுவதும் பயத்தில்தான்.

காலையில் என் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, ஒரு சின்னப் போத்தலைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய மண்ணிறக் காய்கள். கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் சேர்த்து இடித்தது போன்ற வாசம். "என் தங்கை மத்தியானம் வந்துவிடுவாள். எங்கள் ஊர் இறைச்சி உருண்டை செய், கிறீம் குழம்போடு" என்றார். தலையாட்டினேன். அவர் போன பிறகும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்தபடியே நின்றேன். அந்த வாசம் பட்டால் என் நாக்கு இப்போது தானாக அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ஏன் என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பாண் பாலில் ஊறுகிறது. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி ஆறவைத்திருக்கிறேன். பல்லாரோச் சந்தையில் வாங்கிய மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் ஒன்றாக அரைத்தபடி குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. கொஞ்ச நேரம் கிடைத்திருக்கிறது.

தம்பி காணாமல் போனதை நான் உங்களுக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நீங்கள்தான் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துக்கொண்டீர்கள். சண்டை நெருங்கி ஊர்ச்சனம் முழுக்க வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்ட நாளில், பாதி வழியில்தான் அப்பா மூச்சு இழுத்தால் எடுக்கும் தொய்வு மருந்து மேசையிலேயே கிடப்பது நினைவு வந்திருக்கிறது. "நீங்கள் நடவுங்கோ, நான் எடுத்துக்கொண்டு பின்னாலை வாறன்" என்று சைக்கிளைத் திருப்பியிருக்கிறான். பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு அவனை உயிரோடு கண்டவரும் இல்லை, வேறு மாதிரிக் கண்டவரும் இல்லை. நான் பலேர்மோவில் தொலைபேசிக் குழலைப் பிடித்தபடி இதைக் கேட்டேன்.

கோயில் ஆட்களோடு இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஏறிய அன்று, குகைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டேன்: தம்பியைப் பற்றிச் சேதி வரும்வரை மச்சம் வாயில் வைக்கமாட்டேன், மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. மலையால் இறங்கும்போதுதான் உறைத்தது. நல்ல சேதி என்று நான் சொல்லவில்லை. வெறும் சேதி என்று சொல்லிவிட்டேன். பேருந்தில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து அழுதது அதற்குத்தான்.

"விசர்ப் பிள்ளை," என்றீர்கள். "கம்பஸ் எல்லாம் முடிச்சனி. புனிதைக்கு இதுகூடவோ விளங்காது? அவ என்ன கச்சேரிக் கிளாக்கரே, எழுதிக் குடுத்ததை மட்டும் பார்க்கிறதுக்கு?"

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். புவியியல் படித்தேன். பருவமழை எப்படி உருவாகிறது என்று நான்கு பக்கம் எழுதுவேன். இத்தாலியில் ஒருத்தி சாப்பிடுவதற்கும் வன்னிக் காட்டுப்பாதையில் ஒருவன் உயிரோடு இருப்பதற்கும் தொடர்பில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் பயம் குறையவில்லை.

வேலைதான் பெரிய சிக்கலாக இருந்தது. சிஞ்ஞோரா சுவீடனில் பிறந்து, பலேர்மோக்காரர் ஒருவரைக் கட்டி, அவர் இறந்த பிறகு தனியாக இருப்பவர். சாப்பாட்டு மேசையில் கறாரானவர். என் பெர்மெசோவை, இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க அவருடைய கையெழுத்து வேண்டும். சமைக்கிறவள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை என்று தெரிந்தால் வைத்திருப்பாரா? உங்களிடம் அழாத குறையாகச் சொன்னேன்.

"உப்புப் பார்க்கிறதும் ஒரு வேலையே?" என்றீர்கள். "தண்ணிக் குழாயிலை அகப்பைக் காம்பாலை ரண்டு தட்டுத் தட்டு. நான் இறங்கி வாறன்."

அப்படித்தான் நடந்தது. நாலாம் மாடியில் நீங்கள் பார்த்துக்கொண்ட வயதான அம்மையார் கண் அயரும் நேரம் எனக்குச் சமையல் நேரமாகியது. இரண்டு தட்டுக் கேட்டதும் பின்படியில் உங்கள் செருப்புச் சத்தம் வரும்.

இந்த இறைச்சி உருண்டையை முதன்முதலில் சிஞ்ஞோரா பக்கத்தில் நின்று சொல்லித்தந்த நாள் நினைவிருக்கிறதா? கையை நனைத்து உருட்ட வேண்டும், பெரிய பாக்களவுக்கு மேல் போகக்கூடாது, தாச்சியை ஆட்டி ஆட்டி உருள விட வேண்டும். உருண்டைகளை எடுத்த பிறகு அதே வெண்ணெயில் மாவைத் தூவி, இறைச்சி அவித்த தண்ணீர் விட்டு, கடைசியில் கிறீம். நீங்கள் வினாகிரி இரவல் கேட்கும் சாட்டில் வந்து தாச்சிக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"இதென்னடி, மஞ்சள் போட மறந்த சொதி!"

"மெல்லக் கதையுங்கோ அக்கா."

"அவவுக்குத் தமிழ் விளங்கப் போகுதே? இறைச்சியிலை பொரிவிளாங்காய் பிடிச்சு, சொதிக்குள்ளை போட்டு, அதுக்கு மேலை ஜாமும் வைச்சுத் தின்னுறவை, நாங்கள் மாம்பழத்தோடை சோறு தின்னுறதுக்குச் சிரிக்கினம்."

அவள் என்ன சொல்கிறாள் என்று சிஞ்ஞோரா கேட்டார். நல்ல வாசம் என்கிறார் என்று சொன்னேன். சிஞ்ஞோராவுக்குச் சந்தோசம். தானே ஒரு உருண்டையை முள்ளுக்கரண்டியில் குத்தி உங்களுக்குத் தந்தார். நீங்கள் தின்றுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "அரைச் சிட்டிகை காணாது" என்றீர்கள். போட்டேன். அன்று அவர் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

இனி அந்த நாள். போன வருடம் இதே தங்கை வந்திருந்தார். இருவரும் மேசையில். கிழங்கு அவிந்து ஆவி பறந்தது. குழம்பு கடைசிக் கொதியில். இரண்டு தட்டுத் தட்டினேன். சத்தம் இல்லை. மறுபடி தட்டினேன். சிஞ்ஞோரா கூப்பிட்டார். வாறன், வாறன் என்றேன். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. அம்மா அப்படித்தான் உப்புப் பார்ப்பார். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். நக்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. உப்புக் குறைவு. அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததுதான் கொடுமை.

நிமிர்ந்தேன். கதவடியில் நீங்கள் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றீர்கள்.

தொட்டிக்குள் துப்பினேன். குழாயைத் திறந்து வாயை நான்கு தரம் கழுவினேன். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். கரண்டியை எடுத்து உங்கள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினீர்கள். உப்பைக் கிள்ளிப் போட்டுக் கிளறினீர்கள்.

"இஞ்சை பார். உப்புப் பார்த்தது நான். நீ பார்க்கேல்லை. விளங்கிச்சோ?"

"நான் விழுங்கிட்டன் அக்கா."

"துப்பினனி. கண்டனான்."

"கொஞ்சம் உள்ளுக்குப் போட்டுது."

"அது மாவும் பாலும்."

"தாச்சியிலை இறைச்சிச் சாறு கிடந்தது."

"வாயை மூடிக்கொண்டு கொண்டுபோய்க் குடு பிள்ளை. ஆறப்போகுது."

அந்த ஞாயிறு மக்வேதா வீதியில் தொலைபேசிக் கடைக்கு நீங்களும் வந்தீர்கள். கொழும்பில் மாமியிடம் கேட்டால்தான் அம்மாவின் கடிதம் வந்ததா என்று தெரியும். கண்ணாடிக் கூண்டுக்குள் நான், வெளியே நீங்கள். "கடிதம் ஒண்டும் வரேல்லை பிள்ளை" என்று மாமி சொன்னார். எத்தனையோ ஞாயிறு கேட்ட அதே வசனம். ஆனால் அன்று அதைக் கேட்டதும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். கடிதம் எழுத அம்மாவுக்கு மனம் வரவில்லையோ, மாமி எதையாவது மறைக்கிறாரோ என்றெல்லாம் தோன்றியது. தலையை ஆட்டிக் காட்டினேன். நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். "கெட்ட சேதி வரேல்லைத்தானே" என்று என் கையைப் பிடித்து வீதியைக் கடத்திவிட்டீர்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு தட்டுக்கு இறங்கி வந்தீர்கள். ஆனால் உப்புச் சரிவரவில்லை. ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். சிஞ்ஞோரா இரண்டு தரம் முகம் சுளித்தார். உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்போது நீங்கள் டொக்டர் தந்த மருந்துக் குளிசை எடுக்கத் தொடங்கியிருந்தீர்கள். அதனால் நாக்கு மரத்துவிட்டது என்று நினைத்தேன். இரத்தம் காணாது, இறைச்சி சாப்பிடு என்று டொக்டர் சொன்னதையும் நீங்கள்தான் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். "ஓம், தின்னுறன்தானே" என்றீர்கள்.

பிறகு ஆஸ்பத்திரி. பிறகு அல்பெர்கேரியாப் பகுதியில் அந்தச் சின்னக் கோயில், பூக்கள், ஊரில் உங்கள் அம்மாவுக்கு யார் சொல்வது என்ற பேச்சு.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து உங்கள் அறையில் சாப்பாடு கொடுத்தபோது, உங்களோடு அந்த அறையில் இருந்த றீற்றா என் சாப்பாட்டுக் கோப்பையில் மரக்கறியை மட்டும் வைத்தாள்.

"நீயும் அவவைப் போலத்தானே. அவ ஒரு வருசமா மச்சம் தொடேல்லையே."

"ஆர்?"

"அக்காதான். உனக்குத் தெரியாதோ? நானும் பேசிப் பார்த்தனான். டொக்டர் சொல்லியும் கேக்கேல்லை. ஒரு பிள்ளையின்ரை நேர்த்தி பாதியிலை விழப் பார்த்ததாம், தான் மற்றப் பக்கத்தைப் பிடிச்சிருக்கிறாவாம். விட்டால் விழுந்திடுமாம்."

சோறு கையில் அப்படியே நின்றது. நீங்கள் அந்த நாட்களில் யன்னல் பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்புப் பார்த்தது அப்போதுதான் மனதில் வந்தது. கரண்டி சரியும். நாக்கைச் சப்புக்கொட்டும் சத்தம் வரும். உடனே குழாய்த் தண்ணீர்ச் சத்தம். முன்பெல்லாம் நீங்கள் கையைக் கழுவுவதில்லை, சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விடுவீர்கள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என்ன பார்த்தேன் என்றுதான் விளங்கவில்லை.

"அதாலை இல்லை, அது வேறை வருத்தம்" என்று றீற்றா சொன்னாள். இருக்கலாம். ஆனால் கேட்ட அன்றிலிருந்து எனக்கு இன்னொரு பயமும் சேர்ந்துவிட்டது. நான் நக்கிய அந்தச் சொட்டுக்கு ஏதோ ஒன்று கொடுக்க வேண்டியிருந்து, அதை நீங்கள் கொடுத்துவிட்டீர்களோ என்று.

இடையில் எழுந்து போய்விட்டு வந்து எழுதுகிறேன். தங்கையார் வந்துவிட்டார். உருண்டைகளைப் பொரித்து எடுத்து, குழம்பைக் கூட்டினேன். கொதி வந்தது. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைப் பார்த்தபடி நின்றேன். இந்த ஐந்து மாதமும் கைக்கணக்கில்தான் உப்புப் போட்டு வந்தேன். பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய், காலையிலிருந்து மனப்பாடம் செய்த வசனத்தை இத்தாலியனில் சொன்னேன்: நான் இறைச்சி வாயில் வைப்பதில்லை, என் தம்பிக்காக ஒரு நேர்த்தி, உப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலமும் யார் பார்த்தது?"

"மேல் வீட்டில் வேலை செய்தவர். வினாகிரி கேட்டு வருவாரே, அவர்."

அவர் எழுந்து குசினிக்கு வந்தார். கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்துப் பார்த்தார். கொஞ்சம் உப்புப் போட்டார். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். கோபிக்கவில்லை. இதை நேர்ந்த முதல் மாதமே சொல்லியிருந்தால் நீங்கள் ஒருநாளும் அந்தப் படிகளில் இறங்க வேண்டியிருந்திருக்காது, அக்கா. நான் வாய் திறக்காத ஒன்றுக்காக நீங்கள் எத்தனை தரம் ஏறி இறங்கினீர்கள்.

நேர்த்தி இன்னும் இருக்கிறது. நீங்கள் பிடித்திருந்த பக்கத்தையும் இப்போது நானே பிடித்திருக்கிறேன். போன மாதம் மலைக்குப் போய், நல்ல சேதி என்று திருத்தியும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்னும் ஒன்று. இதைக் கேட்கத்தான் தாளை எடுத்தேன். கை வராமல் வேறெல்லாம் எழுதிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே புது முகம் ஒன்றைக் கண்டால் நீங்கள் சும்மா விடமாட்டீர்கள். "நீங்கள் எந்த ஊர்? எப்ப வெளிக்கிட்டனீங்கள்? வழியிலை இப்பிடி ஒரு பொடியனைக் கண்டனீங்களோ?" என்று தொடங்கிவிடுவீர்கள். என் தம்பியை நீங்கள் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் அவன் உயரம், நிறம், சிரித்தால் கண் சுருங்குவது எல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் சரளமாக வரும். இப்போது நீங்கள் இருக்கும் இடத்துக்கும் எங்கள் ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆட்கள் வந்துகொண்டிருப்பார்கள். உங்கள் குணம் எனக்குத் தெரியும்.

அக்கா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அங்கே அவனை யாரிடமும் விசாரிக்காதீர்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூட்டத்துக்குள் ஒருவன் திரும்பிப் பார்த்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.