கவி, உன்னைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள்

என்னைவிட வாய் நீண்ட என் ஒரே மச்சாள் கவிக்கு,

முதலில் புதினம். நீ கனடாவில் இருக்கிறாய். உனக்கே தெரிந்திருக்காது.

சித்திரை விடுமுறையில், விசுவமடுப் பள்ளிக்கூடத்தில் நடந்த சிறுவர் முகாமுக்கு நீ சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது மணல் டிப்பர் லொறி உன்னை அடித்தது. அங்கே காத்துக்கொண்டிருந்த உன் முகாம் பிள்ளைகளிடம், "கவி அக்கா அவசரமாக் கனடாவுக்குப் போட்டா" என்று சொல்லி வைத்தார்கள். விசா இல்லை, ஏஜென்சிக்காரன் இல்லை, மாமா காணி விற்கவும் இல்லை. எங்கள் ஊரில் இவ்வளவு மலிவாக வெளிநாடு போனவள் நீதான்.

டிப்பர் நலம். நெளிவு எடுத்து, பெயின்ற் அடித்து, மறுபடியும் மணல் ஏற்றுகிறது. வழக்குக்குத் தவணை மேல் தவணை. அந்தச் சத்தம் வீதியில் கேட்டால் மாமி குசினிக்குள் ஓடிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுகிறா. இதற்கு நான் என்ன பகிடி விட, சொல்லு?

ஓகஸ்ட் விடுமுறை முகாமில் உன் இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி நாளில் விருந்தினர் முன்னால், 'முகாமில் பணியாற்றி நான் பெற்ற நன்மைகள்' என்று பேசவும் வேண்டுமாம். தலைமைத்துவம், தன்னம்பிக்கை, நேர முகாமைத்துவம். பொறுப்பான மிஸ் சொல்லித் தந்த சொற்கள். முதல் வாரத்தில் நான் பெற்றவை தலை நிறையப் பேனும், கத்திக் கத்தி அடைத்துப்போன தொண்டையும்தான்.

அது பரவாயில்லை. உன் பிள்ளைகள் உன்னை வெறுக்கிறார்கள், கவி.

நீ பழக்கிவிட்ட பழக்கம் அப்படி. ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, "போட்டு வாறன்" என்று சொல்லாமல் நீ சைக்கிளில் ஏறியதே இல்லையாமே! அப்படிப்பட்டவள் சொல்லாமல் கனடா போனால்? நீ சொல்லிக்கொடுத்த விளையாட்டு எதையும் அவர்கள் தொடமாட்டோம் என்கிறார்கள். அதிலும் வர்ணிகா. ஏழு வயது, முன்பல் இல்லை, தாய் குவைத்தில் வீட்டு வேலை, சித்தியோடு இருக்கிறாள்.

"அம்மா குவைத்துக்குப் போகேக்க எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவா. கவி அக்கா பொய்க்காரி. இனி வந்தாலும் நான் கதைக்கமாட்டன்."

நீ பொய்க்காரியா? எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி என்னுடையது. அதை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோரையும் மாமரத்தின் கீழ் இருத்தி, உள்ளதைச் சொன்னேன்.

சிரித்தார்கள். "பகிடி விடாதைங்கோ, தாரணி அக்கா!" என்றான் ஒருவன். முதல் நாளே அவனுடைய சோற்றுப் பார்சலுக்குள் பிளாஸ்டிக் பல்லி வைத்தவள் நான். என்னை யார் நம்புவார்கள்?

வர்ணிகா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என்ர அம்மா? அவா குவைத்திலதானே?"

இதை நான் யோசிக்கவே இல்லை, கவி. நீ இருந்திருந்தால் யோசித்திருப்பாய். "ஓமடி செல்லம்" என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? கனடா என்று சொன்னவர்களும் இப்படித்தானே தலையாட்டினார்கள்? சித்திக்குப் போன் அடித்துத் தாயின் இலக்கம் வாங்கி, அங்கேயே வீடியோ கோல் எடுத்தேன். தாய் கையெல்லாம் சவர்க்கார நுரையோடு வந்தா.

"என்னம்மா குஞ்சு, என்ன நடந்தது?"

"அம்மா, நீங்கள் உயிரோடதானே?"

அந்த மனுசி நுரைக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டா. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வர்ணிகா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள்.

மிஸ் வந்தா. "பிள்ளையள் சந்தோஷமா இருக்கட்டும் எண்டுதானே கனடா எண்டு சொன்னனாங்கள்?"

"சந்தோஷமா இல்லை மிஸ். அவளைத் திட்டிக்கொண்டிருந்ததுகள்."

"நாளையில இருந்து நீர் வரத் தேவையில்லை."

முகாம் சான்றிதழ் போனது. பேச்சும் போனது. அதனால் நான் பெற்ற நன்மையை உனக்கு மட்டும் சொல்கிறேன்: பிறந்ததிலிருந்து முதன்முறையாக என்னை ஒருத்தி நம்பினாள். அதற்கு நீ சாகவேண்டியிருந்ததா? இந்த விலைக்கு எனக்கு அது வேண்டாம். திருப்பிக் கொடுக்க வழி இருந்தால் சொல்லு.

நேற்று வர்ணிகா சித்தியோடு வீட்டுக்கு வந்தாள். நீ விழுந்த இடத்தை நான் காட்டவேண்டுமாம்.

"பூ வைக்கவோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனா முதல்ல ஏசவேணும். எனக்குக் கோவம் இன்னும் போகேல்லை."

சனிக்கிழமை கூட்டிவருகிறேன், மச்சாள். வர விரும்புகிற எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவருகிறேன், வீட்டாரிடம் உண்மையைச் சொல்லியே. அவர்கள் ஏசி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன். உனக்காக ஒரு சாக்குப்போக்கும் சொல்லமாட்டேன். உன்னாலும் இந்த ஒருமுறை திருப்பிக் கதைக்க முடியாதே.

உன்னை ஏச இன்னும் முறை வராத,
உன் மாமா மகள்
தாரணி