ஆடாமல் வந்த கார்

இன்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்தைத் தாண்டி வரும்போது பக்கக் காற்று பலமாக அடித்தது. எனக்கு முன்னால் போன வோன்மொபில் என்ற வீட்டு வண்டி ஒன்று ட்ரெய்லரில் ஒரு காரை ஏற்றி இழுத்துக்கொண்டு போனது. அந்த ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. நான் வேகத்தைக் குறைத்து விலகி வந்தேன். வேறென்ன செய்ய முடியும்? அடுத்த வெளிவழியால் அது நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் போனது. உன் நினைவு வந்துவிட்டது, மச்சான்.

சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகுதான் உனக்கு வடகடலைப் பார்க்கும் ஆசை பிடித்தது. படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய வோன்மொபில் ஒன்றை வாங்கினாய். ஆனால் போகிற ஊரிலும் கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ் செய்ய வேண்டும். அங்கே கிளினிக் இருந்த ஒடுங்கிய தெருவுக்குள் அந்தப் பெரிய வண்டி போகாது. அதனால் உன் சின்னக் காரையும் பின்னால் இழுத்துப்போக முடிவெடுத்தோம். வேலையில் லீவு கிடைக்காத உன் மனைவி சாந்தி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நீங்களும் கூடப் போங்கோ. இவரைத் தனிய விட ஏலாது."

முதலில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தோம். இறக்கம் ஒன்றில் லொறி நம்மை முந்தியதும் ட்ரெய்லர் வெட்டி வெட்டி ஆடியது.

"பிறேக்கைப் பிடியடா!" என்று கத்தினேன்.

"கத்தாதை. சும்மா இரு," என்றாய். அக்சிலறேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்ரேறிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடித்தாய். ஆட்டம் அடங்கியது. வண்டியை ஓரத்தில் நிறுத்தியபோது உன் சட்டை முழுவதும் வியர்வை.

அன்று பின்னேரமே எல்லாவற்றையும் மாற்றினோம். காரை ட்ரெய்லரில் மிகவும் பின்னுக்கு ஏற்றியிருந்தோம்; முன்னுக்கு நகர்த்திக் கட்டினேன். வோன்மொபிலின் பின்பக்கத்தில் அடுக்கியிருந்த தண்ணீர்க் கான்களையும் அரிசி மூட்டையையும் நடுவுக்குக் கொண்டுவந்தேன். ரயர்களுக்கு அளவாகக் காற்றடித்து, ஆட்டத்தைக் குறைக்கும் கொழுவி ஒன்றையும் வாங்கிப் பூட்டினோம். குனிய முடியாத நீ கதிரையில் இருந்தபடி சொல்லிக்கொண்டிருந்தாய்.

"இதுக்கெல்லாம் ஏதோ செய்யலாம், மச்சான். எனக்குத்தான் ஒண்டும் செய்யேலாது."

நான் காது கேளாதவன் போலக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்.

வேகத்தைக் கூட்டாமல் வடகடல் வரை போனோம். கார் ஆடவே இல்லை. நாம் போய்ச் சேர்ந்த நேரம் வற்று; கடல் உள்வாங்கியிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு.

"இவ்வளவு தூரம் வந்தும் கடலைக் காணேல்லையே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அங்கே இரண்டாவது டயாலிசிஸ் முடிந்த அன்றே காய்ச்சல் வந்தது. அந்தச் சின்னக் காரில்தான் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினேன். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் டாக்டர். அவர் பேசிய ஜெர்மனின் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விளங்கி என்ன பயன்? உன் கட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். மறுநாள் நீ போய்விட்டாய்.

வண்டியை நான் தனியாகத் திருப்பி ஓட்டி வந்தேன். காரும் ட்ரெய்லரும் ஒரு இடத்திலும் ஆடாமல் நேராக வந்தன. அதை என்னால் தாங்க முடியவில்லை.

வாசலில் சாந்தி கேட்டாள்: "கடைசியா அவர் என்ன சொன்னவர், அண்ணை?"

"வீட்டை போவமே எண்டு கேட்டவன்," என்றேன்.

நான் உனக்கு என்ன பதில் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. "ஓம் மச்சான், இந்தா வெளிக்கிடுறம்," என்று சொல்லியிருந்தேன். அதைக் கேட்டதும் காலால் செருப்பைத் தேடினாய். அந்தக் கால் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.