ராய்ஸ் பெயரில் இருந்த வில்லங்கம்

அன்பு மகள் டெனீஸுக்கு,

அப்பா எழுதுவது. நான் சுகம்தான், முழங்காலைக் கேட்டால் மட்டும் வேறு பதில் சொல்லும். நீயும் மாப்பிள்ளையும் அலாஸ்காக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நெப்ராஸ்காவில் சோள அறுவடை முடிந்து வயலெல்லாம் மொட்டையாகக் கிடக்கிறது. வீட்டு விற்பனை என்ன ஆயிற்று என்று போனில் இரண்டு முறை கேட்டாய், இரண்டு முறையும் பேச்சை மாற்றினேன். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விலை பேசி முடித்த பிறகு பத்திரம் பார்க்கிறவர்கள் கூப்பிட்டு, வீட்டின் மேல் ஒரு வில்லங்கம் இருக்கிறது, அதை நீக்காமல் விற்க முடியாது என்றார்கள். ஏதோ வங்கிக் கடன் என்று நினைத்தேன். இல்லை, ஜீவனாம்சப் பாக்கி. அம்மாவும் நானும் பிரிந்தபோது உனக்கும் தம்பி ராய்ஸுக்கும் நான் மாதாமாதம் கட்ட வேண்டும் என்று கோர்ட்டில் உத்தரவு போட்டார்கள் அல்லவா, அதுதான். உன் பங்கை உனக்குப் பதினெட்டு ஆகும்வரை கட்டி முடித்தேன். ராய்ஸின் பங்கை, ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் அவனைக் கொண்டுபோன மாதத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் அவன் போய்விட்டான் என்று யாரும் ஜீவனாம்சம் வசூலிக்கும் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஏட்டில் அவன் பத்து, பதினொன்று என்று வளர்ந்துகொண்டே இருந்தான். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும், அதில் அவன் பெயர் இருக்கும், வயது இருக்கும். நான் சொந்தப் பட்டறை வைத்திருந்ததால் சம்பளத்தில் பிடிக்க வழியில்லாமல் பாக்கியை வீட்டின் மேல் எழுதிவிட்டார்கள். இறப்புச் சான்றிதழின் நகலை ஓர் உறையில் போட்டு அனுப்பியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன் மகளே, முடியவில்லை. உண்மையைச் சொன்னால், எங்கோ யாரோ அவன் வயதை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு வேண்டியிருந்தது.

பாக்கி எதுவும் இல்லை என்று உன் அம்மா அந்த அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் வில்லங்கம் நீங்கும் என்றார்கள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் போன் செய்தேன். விஷயத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, “வியாழக்கிழமை வரேன். நீ வழக்கம்போல லேட்டா வந்து நிக்காதே” என்றாள். நான் அரை மணி முன்பே போய்விட்டேன். அவள் எனக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு உன் மகள் வயதுதான் இருக்கும். படிவத்தைப் பார்த்து, “பையன் இப்ப எங்க இருக்காருங்க?” என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். உன் அம்மா லவோன்தான், “ஒன்பது வயசுல எறந்துட்டான்மா” என்று சொல்லிக் கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்து வைத்தாள். அந்தப் பெண் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள், பிறகு, எழுதியாக வேண்டுமே, இத்தனை வருஷம் ஏன் யாரும் தெரிவிக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டாள். உன் அம்மா அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, “எனக்கும் அந்த லெட்டர் வந்துட்டுதான் இருந்துச்சு, டுவேன். எங்க நீ சொல்லித் தொலைச்சிருவியோன்னு வருஷாவருஷம் பயந்துட்டே இருந்தேன்” என்றாள். இத்தனை காலம் அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள் என்றல்லவா நினைத்திருந்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும், பதினெட்டு வயசில் அவன் எவ்வளவு உயரம் இருந்திருப்பான் என்று கேட்டாள். என்னைவிட உயரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விடுவிப்புப் பத்திரம் நேற்று வந்தது. அடுத்த வாரம் சாவியைக் கொடுக்கிறேன். நீங்கள் எல்லாரும் நல்ல ஆரோக்கியத்தோடு நிறைவாக வாழக் கடவுளை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய்ய மறக்காதே. நீயாக எதுவும் கேட்காதே, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். இன்னும் ஒன்று, டெனீஸ். நீயும் அவன் வயதை எண்ணிக்கொண்டு வந்தாயா என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

உன் அன்பு அப்பா,
டுவேன்