மீதி ஜம்ஜம்

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சாய்மா அத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ள துஆ கேட்டபடியே ஜமீலா எழுதுவது.

போனில் பேசும்போதெல்லாம் உங்கள் தங்கச்சி அஸ்மத் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் காதில் விழுந்தால் மயிலாப்பூர் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் இன்று துபாய் கிளம்பும் பக்கத்து வீட்டு ஆசிஃபிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். விசா மாற்ற பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு நீங்கள் வர முடியாமல் தவிப்பது எனக்குத் தெரியும்.

நம் பிள்ளை சாய்மா வேளச்சேரியில் ஸ்கூட்டியோடு விழுந்து இன்றோடு பதின்மூன்று நாள். இன்னும் கண் திறக்கவில்லை. மூக்குக் குழாயில்தான் கஞ்சி போகிறது. டாக்டர் ஜெயலக்ஷ்மி அவள் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்து, அதில் மெக்னீசியம் எவ்வளவு என்று பார்க்கிறார். அது குறைந்தவர்கள் கண்விழிக்கத் தாமதமாகிறதா என்று ஓர் ஆராய்ச்சியாம், இன்னும் எதுவும் உறுதியில்லையாம். நான்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை குறைவு என்றார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நீங்கள் மக்காவுக்கு உம்ரா போய்வந்தபோது கொண்டுவந்த ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரை, ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரத்தில், நர்ஸ் கஞ்சி கரைத்து வைக்கும் டம்ளரில் தினமும் இரண்டு ஸ்பூன் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று இரண்டாவது ரிப்போர்ட் வந்தது. அளவு ஏறியிருக்கிறது என்று டாக்டரம்மா சிரித்தார். அஸ்மத் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கோ, ஜம்ஜமில் மெக்னீசியம் உண்டு என்று நீங்கள் எப்போதோ சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளை தேறி வருவதால் ஏறியதா, நான் ஊற்றிய தண்ணீரால் ஏறியதா? அந்த அளவை நம்பி வைத்தியத்தை மாற்றிவிட்டால்?

இன்று காலை பயந்துகொண்டே டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் அவ்வளவு தூரம் போகாதும்மா, ஆனாலும் இனிமேல் வேண்டாம், வியாழக்கிழமை மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். போகாது என்றால் மறுபடி எதற்கு எடுக்க வேண்டும்? அன்றைக்கு அளவு இறங்கியிருந்தால் என்ன செய்வேன்? கொடுத்ததும் நான், நிறுத்தியதும் நான்.

பாட்டிலில் பாதி மீதி இருக்கிறது. வீட்டில் இருந்தால் என் கை சும்மா இருக்காது. இறுக்கி மூடி ஆசிஃபின் பெட்டியில் வைத்துவிட்டேன். வியாழக்கிழமை விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு, மக்கா இருக்கும் கிப்லா திசையைப் பார்த்து, அவள் கண் திறக்க வேண்டும் என்று மனதில் நிய்யத் வைத்து நீங்கள் குடியுங்கள். அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். அவளுக்காகக் குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காதீர்கள்.

வஸ்ஸலாம்,
ஜமீலுன்னிசா