என் கையால் தின்னாத டாரன்டுலா

வியாழக்கிழமை, இரவு.

நான் ஆசையாக வாங்கிவந்த டாரன்டுலா சிலந்தி இன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டது. என் கையால் அல்ல.

நாகர்கோவிலிலிருந்து கொண்டுவந்து பன்னிரண்டு நாளாகிறது. தினமும் வேலைவிட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கண்ணாடிப் பெட்டியின் முன் உட்கார்ந்து, இடுக்கியில் ஒரு சில்வண்டைப் பிடித்து நீட்டுவேன். அது காலைச் சுருக்கிக்கொண்டு பின்னால் போகும். இன்றும் அப்படித்தான் போனது.

"ஒண்ணு இது இந்த வீட்டுல இருக்கணும், இல்லெங்கி நான்" என்று முதல் நாள் கத்தியவள் என் மனைவி ஷீபா. மீன்குழம்புக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் இன்று எழுந்து வந்தாள்.

"இப்பிடிப் போட்டுக் குத்தினா அது எப்பிடித் திங்கும்? இஞ்ச தாருங்க."

சில்வண்டை அதன் முன்னால் மெல்ல வைத்தாள். "தின்னு மக்கா" என்றாள். ஒரே பாய்ச்சல்.

கல்லூரியில் என்னைத்தான் செல்லமாக மக்கா என்று கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. இன்று எட்டுக்கால் பூச்சிக்குக் கிடைத்தது.

அவள் அடுக்களைக்குப் போனதும் நான் இன்னொன்றை நீட்டினேன். குழம்பு கொதித்து இறங்கும்வரை நீட்டிக்கொண்டிருந்தும் அது அசையவே இல்லை.

"அதுக்க வயிறு நெறஞ்சாச்சு. நீங்க சாப்பிட வாருங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பசியில்லை என்று சொல்லிவிட்டு வந்து படுத்தேன். இன்னொரு தடவை கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும் சத்தம்தான் கேட்டது.

குழம்பு வாசனை இன்னும் போகவில்லை. நல்ல பசி.